மூன்றாம் எச்சரிக்கை

எபேனில் கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி.
வியாழன்தோறும் நாலு மணிக்கு
ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர்
உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும்.
சர்க்கரை தடவக் கூடாது.
கேட்டவர் விளக்கம் சொல்லக் கூடாது,
"மெர்சி" என்று மட்டும் சொல்லலாம்.

யுவன் பாவாடையிடம் சொன்னார்கள்:
நீ பேசத் தொடங்கினால் எங்களுக்குத் தூக்கம் வருகிறது.
மெர்சி என்றான்.
மறுவாரம் அவன் என்னிடம்:
'முடியாது' என்பதற்குமுன் நீ சிரிக்கிறாய்,
அந்தச் சிரிப்பை நம்பி நான் இரண்டு முறை கெட்டேன்.
மெர்சி என்றேன்.
அது உண்மைதான், அதுதான் சங்கடம்.
பொய்யாக இருந்தால் மெட்ரோவிலேயே உதறியிருப்பேன்.
உண்மை கூடவே இறங்கி வீட்டுக்கு வந்தது,
பருப்பு கொதிக்கும்வரை அடுப்படியில் நின்றது.

நான் மட்டும் என்ன.
வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணிடம்
கச்சிதமாய் ஒன்று சொன்னேன்.
சொன்ன வாக்கியம் மறந்துவிட்டது.
அன்று மாலைவரை நாக்கில் இருந்த ருசி மறக்கவில்லை.
நல்ல ருசி.

இந்தத் தீவில் புயலுக்கு நான்கு எச்சரிக்கை உண்டு.
முதலாவதில் மெழுகுவத்தி வாங்குவோம்.
இரண்டாவதில் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை.
மூன்றாவதில் தெரு காலி.
நான்காவதில் கதவு பேசும், நாம் பேசமாட்டோம்.
வார்த்தைக்கு யாரும் கொடி ஏற்றுவதில்லை.

அந்த வியாழன் மூன்றாம் எச்சரிக்கை.
எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்,
நாலு மணியை மட்டும் ரத்து செய்யவில்லை.
திரையில் கட்டம் கட்டமாய் முகங்கள்.
மெலனி அருணாசலம்
(பெயர்ப்பலகையில் ஆர்னாசெலோம்)
என் பெயருக்கு வந்தார்.
"லோகினி, ஆறு வருடமாய் உன்னைப் பார்க்கிறேன்.
உன்னுடைய ஒரே பெரிய குறை என்னவென்றால், நீ

மின்சாரம் போய்விட்டது.

காத்ர் போர்ன் முழுக்க இருட்டு.
கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.
பக்கத்து வீட்டு லிச்சி மரம்
எங்கள் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தது.
நான் அந்த 'நீ'யைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.

நீ எதையும் முடிப்பதில்லை.
நீ முடியுமுன்னே முடித்ததாகச் சொல்கிறாய்.
நீ யாரையும் நம்புவதில்லை.
நீ எல்லோருக்கும் நல்லவளாகப் பார்க்கிறாய்.
நீ அப்பாவின் பாடை கிளம்பும்வரை
மடிக்கணினியை மூடாதவள்
(இது மெலனிக்குத் தெரியாது. தெரியுமோ?)

மெழுகு கரையக் கரைய
வாக்கியங்கள் பிழையில்லாமல் வந்தன.
காற்று திசை மாறுமுன் கொஞ்ச நேரம் அடங்குமே,
அப்போது எண்ணினேன்: பதினேழு.
ஒன்றுகூடப் பொய்யில்லை.
பதினேழையும் கூட்டினாலும் நான் வரவில்லை.

"யாரிடம் பேசுகிறாய்?" என்றார் கணவர்,
போர்வைக்குள்ளிருந்து.
"ஆபீஸ்."

சனிக்கிழமை விளக்கு எரிந்தது.
திங்கள் காலை வாசலில்
விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
லிஃப்டில் மெலனி. கேட்டேவிட்டேன்.
ஏழு மாடியும் யோசித்தார்.
"வியாழனா? நினைவில்லையே, லோகினி.
முக்கியமாக இருந்தால் நினைவிருக்கும்."

மெர்சி என்றேன்.
வாய்க்குப் பழகிவிட்டது.

என் மேசைக்குப் போகாமல்
நிவேஷ்னி வேயாப்பூரியின் மேசைக்குப் போனேன்.
"உன்னிடம் ஒருநாள் ஏதோ சொன்னேனே,
என்ன சொன்னேன்?"

அவள் தலை தூக்கவில்லை.
"உன் கணக்கில் பிழையே இல்லை, நிவேஷ்னி.
நீதான் கணக்கில் இல்லை."

நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள்.
நான் சிரித்த இடத்தில்
ஒரு நொடி விட்டாள்.
பிறகு தேதியும் சொன்னாள்.